கூகுள் டேட்டா அனலிடிக்ஸ் சர்டிபிகேட்: கேள்வி கேட்கச் சொல்லித்தரும் இரண்டாவது கோர்ஸ் எப்படி?

கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் இருக்கும் கூகுள் டேட்டா அனலிடிக்ஸ் சர்டிபிகேட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் பேச்சு ஆர், பைத்தான் என்ற இரண்டு புரோகிராமிங் மொழிகளில் எதைப் படிப்பது, முடித்தால் வேலை கிடைக்குமா என்பதோடு நின்றுவிடுகிறது. நான் அந்தத் தொகுப்பில் இரண்டாவதாக வரும் கோர்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது முழுக்கக் கேள்வி கேட்பதைப் பற்றியது. டேட்டாபேஸிலிருந்து டேட்டா எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் வேகத்தைக் கூட்டி ஓட்டிவிட்டுத் தாண்டிப் போவது இதைத்தான். என்னைக் கேட்டால் மொத்தத் தொகுப்பிலும் புதிதாக வருபவருக்கு அதிகம் பயன்படுவது இதன் முதல் மாட்யூலும் கடைசி மாட்யூலும்தான், ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது.

2021-ல் வந்த தொகுப்பு இது. டேட்டாவை அலசிச் சொல்லும் அனலிஸ்ட்டின் வேலையை ஆறு கட்டமாகப் பிரிக்கிறார்கள்: கேட்பது, டேட்டாவைத் தயார்செய்வது, சுத்தம் செய்வது, அலசுவது, பகிர்வது, கடைசியில் செயல்படுவது. இதில் முதல் கட்டத்துக்கு ஒரு கோர்ஸையே ஒதுக்கியிருப்பதற்காக ஒரு சபாஷ் போடலாம். ஏனென்றால் வெளியே கிடைக்கும் பயிற்சிகளில் நேராக ஒரு சிஎஸ்வி ஃபைலை (டேட்டா வரிசை வரிசையாக இருக்கும் ஃபைல்) கையில் கொடுத்து, கீழே பத்துக் கேள்விகளையும் எழுதிக்கொடுத்து, விடை கண்டுபிடி என்று சொல்லிவிடுவார்கள். வேலையில் சேர்ந்த பிறகு அப்படி யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. "இந்த மாசம் கொஞ்சம் டல்லா இருக்கே, என்னன்னு பாருங்க" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

முதல் மாட்யூலில் ஆறு வகைப் பிரச்சினைகளைச் சொல்கிறார்கள்: இனி என்ன நடக்கும் என்று கணிப்பது, வகை பிரிப்பது, வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிப்பது, பொதுவான கருப்பொருள்களை அடையாளம் காண்பது, ஒரே சிக்கலைச் சந்திக்கும் வேறு இடங்களோடு தொடர்பைத் தேடுவது, பழைய டேட்டாவில் திரும்பத் திரும்ப வரும் போக்கைப் பிடிப்பது. கேட்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பட்டியல் மாதிரிதான் தெரியும். ஆனால் கையில் ஒரு நிஜமான கோரிக்கை இருக்கும்போது இது நன்றாகவே உதவுகிறது. "வாடிக்கையாளர்கள் ஏன் போகிறார்கள்" என்று ஒரு மேனேஜர் கேட்கிறார் என்று வையுங்கள். அவருக்கு உண்மையில் வேண்டியது அடுத்த மாதம் யார் போகக்கூடும் என்ற பட்டியலா, போனவர்கள் எழுதிய புகார்களில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்பதா, இல்லை ஏதோ ஒரு வாரத்தில் மட்டும் திடீரென்று எண்ணிக்கை எகிறியதா? மூன்றுக்கும் டேட்டா வேறு, வேலை வேறு, ஆகும் நேரமும் வேறு. இந்த ஆறையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் அவரிடம் திருப்பிக் கேட்க உங்களுக்கு ஏதாவது இருக்கும்.

அப்புறம் வருவது ஸ்மார்ட் (SMART) முறை, ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏதாவது செய்ய வழிகாட்ட வேண்டும், பிரச்சினைக்குப் பொருந்த வேண்டும், காலவரையறை இருக்க வேண்டும். விளக்கத்துக்கு எடுத்துக்கொள்வது புதுக் கார் வாங்குபவர்கள் என்ன வசதிகளை எதிர்பார்க்கிறார்கள் என்ற விஷயம். ஃபோர் வீல் டிரைவ் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பிடுங்கள் என்பது மாதிரி ஒன்று. கடந்த மூன்று வருடங்களில் ஃபோர் வீல் டிரைவுக்கு மவுசு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது மாதிரி இன்னொன்று. கூடவே தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்கிறார்கள்: பதிலைக் கேட்பவரே ஊட்டிவிடும் கேள்வி, ஆமாம் இல்லை என்பதோடு முடிந்துவிடும் கேள்வி, எதைப் பற்றியது என்றே புரியாத பொத்தாம்பொதுவான கேள்வி. நியாயமான கேள்வி எது என்று ஒரு சின்னப் பகுதியும் உண்டு, அது நன்றாக இருக்கிறது. கேள்விக்குள்ளேயே ஒரு அனுமானத்தை ஒளித்துவைத்தால் கேட்கப்படுகிறவருக்கு மறுத்துப் பேச இடமே இருக்காது என்பதை அழகாகப் புரியவைக்கிறார்கள்.

இதுவரை எல்லாம் சரி. இனி என் குறை.

மேலே சொன்ன இரண்டு கார் கேள்விகளையும் மறுபடி பாருங்கள். முதலாவது ஒரு மனிதரிடம் கேட்பது, சர்வே படிவத்தில் போகும். இரண்டாவது டேட்டாவிடம் கேட்பது, விற்பனை டேபிளில் ஒரு குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) எழுதி விடை எடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: வேலையைக் கொடுத்தவரிடம் கேட்பது. "இதை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள்" என்கிற ரகம். இந்த மூன்றும் வேறு வேறு திறமைகள். கோர்ஸ் இவற்றையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி ஸ்மார்ட் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறது. புதிதாக வருபவர் மேனேஜரிடம் போய் சர்வே படிவத்தை வாசிக்கிற மாதிரி கேட்பதும், டேட்டாவிடம் கேட்க வேண்டியதை மேனேஜரிடம் கேட்டு அவரை எரிச்சலூட்டுவதும் இந்தக் குழப்பத்திலிருந்து வருவதுதான்.

ஸ்மார்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். 1981-ல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிர்வாக இலக்குகளை எப்படி எழுதுவது என்று ஒரு கட்டுரை எழுதினார், அதில் வந்தது இது. அதாவது இலக்குகளுக்காகச் செய்தது. இலக்கு என்பது நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒன்று, அதைக் கூர்மையாக எழுத வேண்டியதுதான் பாக்கி. கேள்வி அப்படி இல்லை, பாதி நேரம் எது கேள்வி என்பதே தெரியாது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1962-லேயே இதைச் சொல்லிவிட்டார்: சரியான கேள்வி பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும், அதற்குக் கிடைக்கும் தோராயமான பதில், தவறான கேள்விக்குக் கிடைக்கும் துல்லியமான பதிலைவிட எவ்வளவோ மேல், தவறான கேள்வியையோ எப்போது வேண்டுமானாலும் துல்லியமாக்கிக்கொள்ளலாம் என்று. ஸ்மார்ட் முறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கும் தொடக்கநிலை அனலிஸ்ட் செய்வது அந்தக் கடைசி விஷயத்தைத்தான். தவறான கேள்வியை எடுத்து அதற்கு ஒரு அளவும் ஒரு தேதியும் ஒட்டிவிடுகிறார்.

சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். "விற்பனை ஏன் குறைந்தது?" மங்கலான கேள்வி. ஸ்மார்ட்டாக மாற்றினால்: "கடந்த மூன்று மாதங்களில், முந்தைய மூன்று மாதங்களோடு ஒப்பிட்டால், எந்தப் பொருள் வகையில் விற்பனை அதிகமாகக் குறைந்திருக்கிறது?" நன்றாக இருக்கிறது, மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இதை எழுதிய அந்த நிமிடமே நீங்கள் சில விஷயங்களைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். விற்பனை என்றால் ஆர்டர் எண்ணிக்கையா, பணமா? திருப்பி அனுப்பிய பொருட்களைக் கழித்ததா, கழிக்காததா? கழித்திருந்தால், வாங்கிய மாதத்தில் கழித்தார்களா, திருப்பியனுப்பிய மாதத்தில் கழித்தார்களா? முந்தைய மூன்று மாதம் பண்டிகைக் காலமாக இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை, போன வருடத்தின் அதே மாதங்களோடுதான் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குறைந்தது என்று சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார்? அவர் பார்த்த டாஷ்போர்டு (எண்களைத் தொகுத்துக் காட்டும் திரை) ஒரு நாள் புதுப்பிக்கப்படாமல் நின்றிருந்தால் விற்பனை குறையவே இல்லை. "எங்கே பார்த்தீர்கள், எனக்கும் காட்டுங்கள்" என்பதுதான் இங்கே முதலில் கேட்க வேண்டியது. அதில் அளவும் இல்லை, காலவரையறையும் இல்லை, ஸ்மார்ட் தேர்வில் தேறவே தேறாது.

டேட்டாவிடம் கேட்கும் கேள்விகளுக்கும் இதே கதைதான். ஒரு டேபிள் கைக்கு வந்ததும் கேட்க வேண்டியது, இதில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது? ஒரு ஆர்டரையா, ஒரு ஆர்டருக்குள் இருக்கும் ஒரு பொருளையா? ஒரு ஆர்டரில் நான்கு பொருள் இருந்து, வரிகளை எண்ணி ஆர்டர் எண்ணிக்கை என்று போட்டால் ஒன்று நான்காகிவிடும். இந்த ரகக் கேள்விகளுக்கு இந்தக் கோர்ஸில் இடமில்லை. டேட்டாவைத் தயார்செய்வதும் சுத்தம் செய்வதும் அடுத்து வரும் மூன்றாவது, நான்காவது கோர்ஸ்களின் பாடம், அங்கே கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அதற்குள் கேள்வி கேட்கும் பாடம் முடிந்துவிட்டது, இனி வேலைதான் என்று படிப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது.

இந்தக் கோர்ஸில் எடுத்துக்காட்டாக வைத்திருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது பெர்க்லி கதை. 1973-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் பாரபட்சம் காட்டியதா என்று கேட்டால் இந்த எண்கள் ஆமாம் என்றுதான் சொல்லும். மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது துறைகள் என்பதால் புள்ளியியலாளர் பீட்டர் பிக்கலும் கூட இருந்த ஆய்வாளர்களும் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தார்கள், 1975-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான பாரபட்சம் தெரியவில்லை, துறைவாரியான முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் பக்கம் ஒரு சின்னச் சாய்வுகூட இருந்தது. போட்டி கடுமையாக இருந்த, குறைவான பேரையே எடுத்துக்கொண்ட துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், மொத்த எண்ணில் அவர்கள் பின்தங்கித் தெரிந்தது அதனால்தான். முதலில் கேட்ட கேள்வி குறிப்பாக இருக்கிறது, அளவும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. எந்த மட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் இல்லை. பத்து வீடியோவில் சொல்வதை இந்த ஒரு கதை சொல்லிவிடும்.

சரி, திட்டியது போதும். கடைசியாக வரும் நான்காவது மாட்யூல் உண்மையிலேயே நல்ல சரக்கு. ஸ்டேக்ஹோல்டர்கள் (அந்த வேலையில் அக்கறை உள்ளவர்கள்) யார், யாருக்கு என்ன வேண்டும், நடுவில் வேலையின் எல்லை மாறினால் என்ன செய்வது, மெயிலை எப்படி எழுதுவது, இவ்வளவு நாளில் முடியாது என்றால் அதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் வருகிறது. டெக்னிக்கல் ஆட்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் "நாளைக்கே வேண்டும்" என்று வரும் மெயிலுக்குச் சரி என்று உடனே பதில் போடாமல், எந்த முடிவு எடுக்க இது வேண்டும், அந்த முடிவு எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று பணிவாகத் திருப்பிக் கேட்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை குறையும். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. கேட்பதே உன் வேலையின் முதல் கட்டம் என்று கோர்ஸ் எழுதிக்கொடுத்துவிடுவதால் அந்தப் பயம் கொஞ்சம் தெளிகிறது. என் பங்குக்கு ஒரு சின்ன யோசனை: கேட்டு முடித்ததும், நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று வரியில் எழுதி அவருக்கே திருப்பி அனுப்புங்கள். "இந்த எண்ணை இப்படிக் கணக்கிடப்போகிறேன், இவற்றைச் சேர்க்கப்போவதில்லை, சரிதானே?" என்று. வாயால் சொன்னபோது தலையாட்டியவர் எழுத்தில் பார்த்ததும் "அய்யோ, அது இல்லை" என்பார். என்னென்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளும் வேலை எல்லை ஆவணம் ஒன்று இந்தக் கோர்ஸில் வருகிறது, அதன் நோக்கமும் ஏறக்குறைய இதுதான், ஆனால் வார்ப்புருவும் தலைப்புகளுமாகக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. சின்ன வேலைகளுக்கு மூன்று வரி போதும்.

இரண்டாவது மாட்யூலில் டாஷ்போர்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும் என்ன வித்தியாசம், எண்களாக வரும் டேட்டா எது, விவரணையாக வரும் டேட்டா எது என்பதெல்லாம். பார்க்கலாம். மூன்றாவது மாட்யூல் ஸ்ப்ரெட்ஷீட் அடிப்படை: கூட்டுவது, சராசரி எடுப்பது, செல்லில் பிழை வந்தால் என்ன பார்ப்பது. எக்செல் தெரிந்தவர்கள் ஓட்டிவிடலாம். கேள்வி கேட்கும் கோர்ஸுக்கு நடுவில் இது ஏன் வந்தது என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

குவிஸ்கள்தான் இதில் ரொம்பப் பலவீனமான பகுதி. கேள்வி கேட்கத் தெரியுமா என்பதை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சோதிப்பது எப்படிச் சரியாக வரும்? "கீழ்க்கண்டவற்றில் எது அளக்கக்கூடிய கேள்வி" என்பதற்கு விடை தெரிந்தவர்களுக்கு, ஒரு வெற்றுப் பக்கத்தில் அளக்கக்கூடிய கேள்வி ஒன்றைச் சொந்தமாக எழுதத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே ஏதாவது ஒரு வேலையில் இருந்து, மேலே இருப்பவரிடமிருந்து அரைகுறைக் கோரிக்கைகளை வாங்கிப் பழகியவர்களுக்கு இது நன்றாக ஒட்டும், ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும். கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களுக்கு முதல் தடவை வெறும் உபதேசமாகத் தெரியலாம். அவர்கள் பொதுவெளியில் கிடைக்கும் ஏதாவது ஒரு டேட்டாசெட்டை எடுத்து, குவெரி எதுவும் எழுதாமல், அதை வைத்து முடிவு எடுக்கப்போகிறவர் யார் என்று ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவரிடம் கேட்க வேண்டியதை ஒரு பக்கம், டேட்டாவிடம் கேட்க வேண்டியதை இன்னொரு பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு முதல் மாட்யூலையும் நான்காவதையும் பார்க்கட்டும். மாட்யூல் முடிந்ததும் அந்தப் பக்கத்தில் எத்தனை வரிகளை அடிக்கிறார்கள், எத்தனை புதிதாகச் சேர்க்கிறார்கள் என்பது குவிஸ் மதிப்பெண்ணைவிட உருப்படியான கணக்கு.

ஐந்துக்கு மூன்றரை. மூன்றாவது மாட்யூலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டேட்டாவிடம் என்ன கேட்பது என்று ஒரு மாட்யூல் வைத்தால் நாலரை கொடுப்பேன்.