ஸ்டீல் நூலா, வெள்ளி நூலா: மக்கும் மின்துணி தைக்க நினைப்பவர்களுக்கு

துணியிலேயே சர்க்யூட் தைப்பதற்கென்று விற்கிற கண்டக்டிவ் நூலில், அதாவது மின்சாரம் கடத்தும் நூலில், இரண்டு வகை வாங்கித் தைத்துப் பார்த்தேன். ஒன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைகளை முறுக்கியது, இன்னொன்று நைலான் மேல் வெள்ளி பூசியது. வெள்ளி நூல் சுற்றி வந்த அட்டையில் பச்சை இலை படம் போட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடித்திருக்கிறார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

தைக்க வெள்ளி நூல்தான் சுகம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெஷினில் வம்பு பண்ணாமல் ஓடுகிறது, உடம்பில் உறுத்தாது. ஆனால் வேர்வையும் சோப்பும் பட்டால் கொலுசு மாதிரி கறுக்கத் தொடங்கும், துவைக்கத் துவைக்கப் பூச்சு தேய்ந்து மின்தடை ஏறிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய பிரச்சினை மண்ணில் இருக்கிறது. நைலான் மக்காது. வெள்ளியோ நுண்ணுயிர்களைக் கொல்லும். நாற்றம் வராத சாக்ஸ் என்று விற்பதில் வெள்ளி சேர்ப்பதே அதற்காகத்தான். துணியை மக்க வைக்க வேண்டிய உயிர்களையே தாக்குகிற பொருளைப் பூசிவிட்டு இலை படம் போடுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

ஸ்டீல் நூல் முரண்டு பிடிக்கும். முடிச்சு நழுவும், ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் நிற்கும். வெட்டிய நுனியில் இழைகள் பிரிந்து பக்கத்துத் தையலைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும், அதனால் ஒட்ட நறுக்க வேண்டும். மெஷினில் மேல் நூலாகப் போடாமல் பாபினில் சுற்றிப் போடுங்கள். என் மல்டிமீட்டர் ஒரு அடிக்கு சுமார் 15 ஓம் மின்தடை காட்டியது; எல்இடி, சின்ன சென்சாருக்குப் போதும், மோட்டாருக்கு ஆகாது. துவைத்தாலும் கறுப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை.

ஸ்டீலும் மக்காதே என்று கேட்பீர்கள். மக்காதுதான், ஆனால் உருவி எடுக்கலாம், எனக்கு இதுதான் முக்கியம். பருத்தித் துணியில் சாதாரண ஓட்டுத் தையலாகப் போட்டு, பேட்டரியையும் போர்டையும் பிரஸ் பட்டனில் மாட்டிவிட்டால், துணி கிழிந்த பிறகு எல்லாவற்றையும் கழற்றி அடுத்ததில் பயன்படுத்தலாம். அப்புறம் ஒன்று, மற்ற தையலுக்கும் பருத்தி நூலே போடுங்கள். கடையில் கிடைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், துணி மக்கின பிறகும் அது மட்டும் மண்ணில் அப்படியே கிடக்கும்.

முழுசாக மக்கும் மின்துணிக்கு மிக அருகில் வந்தது என்று பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் பிரிஸ்டலில் உள்ள வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து பல்கலைக்கழகமும் முன்னின்று செய்த ஸ்வீட் என்ற துணியைச் சொல்லலாம். மரக்கூழிலிருந்து வரும் டென்செல் துணி மேல் கிராஃபீன் என்ற மெல்லிய கார்பனும் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமரும் இங்க்ஜெட்டில் அச்சிட்டு, ஐந்து பேருக்கு மாட்டி இதயத் துடிப்பும் வெப்பமும் அளந்திருக்கிறார்கள். மண்ணில் புதைத்து நான்கு மாதத்தில் எடையில் 48 சதவீதமும் வலுவில் 98 சதவீதமும் போய்விட்டது. அந்த மையே மக்கியதா என்பது வேறு கேள்வி, ஆனாலும் புதைத்துப் பார்த்து எண்ணோடு சொல்கிறார்களே, அந்த நேர்மை பிடித்திருக்கிறது. 2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவு. இதில் சட்டையும் சேர ஆரம்பித்தால், துணியையும் உலோகத்தையும் பிரிக்க யார் உட்காருவார்கள்?

அதனால் இப்போதைக்கு ஸ்டீலை வாங்குங்கள். மெஷினில் தைப்பவர்களுக்கு 2 இழை, கையால் தைப்பவர்களுக்கு 3 இழை. வெள்ளி நூல் ஈசிஜி மாதிரி தோலோடு ஒட்டி இருக்க வேண்டிய இடத்துக்கு மட்டும், அதுவும் தனித் துண்டாகத் தைத்துக் கழற்றும்படி. விற்பவர்கள் அந்த இலை படத்தை எடுத்துவிட்டு, உள்ளே என்ன இழை, மேலே என்ன பூச்சு என்று இரண்டு வரி போட்டால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.