புழு வாளியைக் கொட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

தூண்டில் போடுவதற்கு உயிர்ப் புழுவைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். போன மே மாதம், கத்திரி வெயிலில், வேலூர்ப் பக்கம் ஒருவரிடம் 600 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ மண்புழு வாங்கினேன். அந்த 600 போனதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் ஒரு மாதமாகக் காத்திருந்த நாள் போனது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக வளர்த்து வந்த புழுத்தொட்டியும் போனது. விற்றவரின் பெயரையும் இடத்தையும் எழுதப் போவதில்லை. அவர் எப்படி விற்றார் என்பதைச் சொல்கிறேன், அது தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு காட்பாடியில். பின்பக்கம் துணி துவைக்கிற தண்ணீர் பாயும் இடத்தில் நான்கு வாழை நிற்கிறது. மழைக்காலத்தில் அங்கே ஒரு மண்வெட்டி போட்டால் கை நிறைய நாக்குப்பூச்சி வரும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மண்புழுவை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மே மாதத்தில் மண் கல் மாதிரி ஆகிவிடும். ஈரம் தேடிப் புழு ஆழத்துக்கு இறங்கி, உடம்பைச் சுருட்டி உருண்டையாகப் படுத்துக்கொள்ளும். எவ்வளவு வெட்டியும் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இருபத்து மூன்று புழு. தொட்டியில் இருந்தது உரத்துக்காக வளர்க்கிற இனம், அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களுடைய நண்பர்கள் மூன்று பேர், ஆக ஐந்து தூண்டில். காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, கரையில் உட்கார அனுமதி வாங்கி வைத்திருந்தார் அண்ணன். ஜிலேபி மீன் இருக்கிற தண்ணீரில் புழு எவ்வளவு செலவாகும் என்று போட்டவர்களுக்குத் தெரியும். முள்ளில் மாட்டாமலேயே கொத்திக் கொத்தித் தின்றுவிட்டுப் போகும். நூற்றைம்பது புழுவாவது வேண்டும். அதனால்தான் வாங்கப் போனேன்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு தட்டு நிறைய புழு நெளிந்துகொண்டிருந்தது. சுத்தமான நாட்டுப் புழு என்றார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நேரில் போனேன். ஊறுகாய் வருகிற மாதிரி ஒரு வெள்ளை வாளி, இறுக்கமான மூடி. திறந்து காட்டினார். மேலே புழுக்கள் நன்றாகத்தான் ஓடின. கையை உள்ளே விட்டுப் பார்க்கப் போனேன்.

"கைய விடாதீங்கக்கா, சூடு பட்டா செத்துடும்" என்றார்.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நான் கையை எடுத்துவிட்டேன். புழு சூடு தாங்காது, அது சரி. ஆனால் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்ப்பதால் எந்தப் புழுவும் சாகாது. அந்த வாளியின் அடியை நான் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, எடைபோட்டு, காற்றே புகாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஓட்டை போடுங்கள் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போய் தொறந்துக்குங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. காற்றில்லாத பையில் அடைப்பது வாயையும் மூக்கையும் பொத்துவது மாதிரி. புழு விற்றுப் பிழைக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாளில் கொட்டினேன். இது அப்பா சொல்லிக்கொடுத்த சோதனை. புழுவை அது கிடக்கிற நார், மண் என்கிற படுக்கையோடு ஈரத் தாளில் குவியலாகக் கொட்டி வெளிச்சத்தில் வைத்தால், நல்ல புழு பத்து நிமிடத்துக்குள் வெளிச்சத்துக்குப் பயந்து அடியில் போய்விடும். மேலே கிடப்பது நோயாளி, இல்லாவிட்டால் பிணம். அன்றைக்குப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே ஒரு கூட்டமே கிடந்தது. உள்ளே போனவையும் திரும்பி வெளியே வந்தன. படுக்கையே அதற்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் செய்யும்.

புழுவைத் தனியாகப் பொறுக்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோவில் புழு 140 கிராம். மிச்சமெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டத் தென்னை நார்க்கழிவு. அந்த 140 கிராமிலும் மூன்றில் ஒரு பங்கு வெளுத்து, நூல் மாதிரி தொய்ந்து கிடந்தது. நிறைய புழு மண்வெட்டி பட்டு அறுந்தவை. போன் செய்து கேட்டேன்.

"அறுந்தா ரெண்டு ரெண்டா ஆவும்க்கா, உங்களுக்குத்தான் லாபம்."

இதை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வெட்டுப்பட்ட புழு இரண்டாகாது. தலைப்பக்கம் சில சமயம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும். வால்பக்கம் செத்துவிடும். சூட்டில் செத்தது ஒரே ராத்திரியில் அழுகும், அந்த அழுகலின் நாற்றமும் நீரும் பக்கத்தில் இருக்கிற நல்ல புழுவையும் கொல்லும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு கைப்பிடி நார்க்கழிவை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் நுரை நின்றது. சோப்பு வாசனை. நிலத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் தாங்காமல் புழு மேலே வரும். மண் வெட்டுகிற உழைப்பு மிச்சம். அப்படி வந்த புழுவை உடனே நல்ல தண்ணீரில் அலசினால் சிலது தேறும், அலசாமல் அடைத்து விற்றால் தோல் வெந்து சாகும். அவர் அப்படித்தான் பிடித்தார் என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. நுரையை மட்டும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வேறு வழி இல்லை. தேறியவற்றை அலசி, புது மண்சட்டியில் ஈரத் தாள் கிழித்துப் போட்டு வைத்தேன். வாழையடியில் பிடித்த இருபத்து மூன்றையும் வேறு சட்டியில் தனியாக வைத்தேன். இரண்டு சட்டிக்கும் ஒரே மாதிரி ஈரக் கோணி சுற்றினேன். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ராணிப்பேட்டை, வாலாஜா வழியாகப் போய், வெயில் ஏறுவதற்கு முன்பே கரையில் உட்கார்ந்தோம். காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. பல்லவர் காலத்து ஏரி. பாலாற்றில் வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொண்டே முள்ளில் புழு மாட்டினேன்.

விற்ற புழுவை மாட்டும்போது விரலில் மஞ்சளாக ஒரு நீர் கசிந்தது, காரமான வீச்சம். அப்போதுதான் உறுதியாயிற்று. நாட்டுப் புழு என்று விற்றதில் பெரும்பகுதி ஐசீனியா ஃபெட்டிடா, மண்புழு உரத்துக்கு வளர்க்கிற சிவப்புப் புழு. ஃபெட்டிடா என்றாலே லத்தீனில் நாற்றம் பிடித்தது என்று அர்த்தம். காயம் பட்டால் அந்த மஞ்சள் நீரைக் கக்கும். அந்த இனத்தையே குறை சொல்லவில்லை, உரத்துக்கு அதைப்போல வேலைக்காரன் இல்லை. தூண்டிலுக்கு என்று தெரிந்தே அதை நாட்டுப் புழு என்று சொல்லி விற்றதுதான் தப்பு. தக்கை இரண்டு தடவை அசையும், மீன் விட்டுவிட்டுப் போய்விடும். இதே கதைதான் ஐந்து தூண்டிலிலும்.

எட்டு மணிக்குச் சட்டியைத் திறந்தால் குடலைப் புரட்டியது. முக்கால்வாசி கூழாகிவிட்டது. பக்கத்துச் சட்டியில், அதே வெயில், அதே வண்டி, அதே கோணி, வாழையடிப் புழு ஒன்றுகூடச் சாகவில்லை. அதை வைத்துச் சின்னவன் இரண்டு கெளுத்தி பிடித்தான், பெரியவன் ஒரு ஜிலேபி. ஒன்பதுக்குள் அதுவும் தீர்ந்தது. சின்னவன் சட்டியைக் கிளறிக்கொண்டே, "அத்தை, ஒண்ணே ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டான். இல்லை. தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

திங்கட்கிழமை போன் செய்தேன். "உயிரோடதானே வாங்கினு போனீங்க, வெயில்ல வச்சி சாவடிச்சது நீங்க" என்றார். இரண்டு சட்டிக் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் இணைப்பைத் துண்டித்தார், அப்புறம் என் எண்ணையும் தடுத்துவிட்டார். ரசீது இல்லை, போனில் பணம் அனுப்பிய பதிவும் அவர் அனுப்பிய வீடியோவும்தான் இருக்கிறது. அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்குங்கள்.

தொட்டி போன கதையையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஏரியிலிருந்து வந்து, மிஞ்சிய பத்து இருபது புழுவையும் அந்த நார்க்கழிவையும் வீணாக்க வேண்டாம் என்று சிமெண்டுத் தொட்டியில் கொட்டினேன். நார்க்கழிவில் உப்பு அதிகம். மில்லிலிருந்து வந்ததை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் புழுவுக்குப் போட வேண்டும். கோபத்திலும் களைப்பிலும் அதை யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் தொட்டிச் சுவரெல்லாம் புழு ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் தொட்டி காலி. வெளியில் வாங்கிய எதையும் ஒரு வாரம் தனியாக வைத்துப் பார்க்காமல் உங்கள் புழுவோடு சேர்க்காதீர்கள். ஏரிக்கரையிலும் கொட்டிவிட்டு வராதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் எடைக்கு வாங்காதீர்கள், எண்ணிக்கைக்கு வாங்குங்கள். வாளியைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுங்கள், அடியில் இருப்பதைப் பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும், சாக்கடை வாசனையோ சோப்பு வாசனையோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல புழுவைத் தொட்டால் சட்டென்று இழுத்துக்கொள்ளும், உடம்பு பளபளவென்று விறைப்பாக இருக்கும். கொட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

வீட்டில் வைத்திருக்க மண்சட்டியைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. சட்டி ஈரத்தை வெளியே விட்டு உள்ளே குளிர்ச்சியாக வைக்கும். கிழித்த செய்தித்தாள், மக்கிய இலை, அலசிய நார்க்கழிவு, இதில் எது கிடைத்தாலும் சரி. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் வர வேண்டும், ஒழுகினால் ஈரம் அதிகம். பச்சைச் சாணம் போடவே கூடாது, அது சூடு கக்கும், புழு வெந்துவிடும். எங்கள் பக்கத்தில் பல போர் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத் தெளித்தால் போதும். சட்டியின் வாயில் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் மழை ராத்திரியில் புழு ஏறி ஓடிவிடும். தினம் ஒரு தடவை கிளறி, செத்ததைப் பொறுக்கி எறியுங்கள். தீனியாக வடிகட்டிய டீத்தூள் சக்கை, காய்த்தோல் கொஞ்சம். உப்பு, காரம், எலுமிச்சை கூடாது.

தூண்டில் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு அப்பா ஒரு வேலை செய்வார். புழுவை அலசி, மண்ணே இல்லாத ஈரத் தாளிலோ ஈரப் பாசியிலோ மாற்றிவிடுவார். வயிற்றில் இருக்கிற மண்ணெல்லாம் வெளியே போய், புழு சிவந்து, தோல் கெட்டியாகும். முள்ளில் மாட்டினால் சீக்கிரம் கிழியாது, தண்ணீரில் ரொம்ப நேரம் நெளியும், கையும் சேறாகாது. வெயிலில் கொண்டுபோகும்போது ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள், உருகினால் புழு மூழ்கும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி, சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். கரையில் ஒரு சின்ன டப்பாவில் பத்து புழு எடுத்துக்கொண்டு மிச்சத்தை நிழலிலேயே விட்டுவிடுங்கள். பெட்ரோல் தொட்ட கையோடு சட்டிக்குள் கை விடாதீர்கள்.

ஜூலை மழைக்கு வாழையடி மறுபடியும் நனைந்தது. இப்போது இரண்டு சட்டி நிறைய நாட்டுப் புழு இருக்கிறது, தொட்டியையும் கழுவிக் காயவைத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். காட்பாடிப் பக்கம் யாருக்காவது சட்டி தொடங்க ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம். வந்து தாளில் கொட்டிப் பார்த்தே எடுத்துக்கொண்டு போகலாம்.