16 வெற்றி, 2 தோல்வி, ஒரு நவம்பர் மாலை: ஆர்கோனட்ஸ் சீசன் டிக்கெட் அனுபவம்

கனேடிய ஃபுட்போல் லீக்கில் ஆடும் ரொறன்ரோ ஆர்கோனட்ஸ் அணியின் 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்கு சீசன் டிக்கெட் எடுத்து, யூன் முதல் நவம்பர் வரை உள்ளூர் ஆட்டங்களை பிஎம்ஓ ஃபீல்ட் அரங்கிலும் வெளியூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து பார்த்தேன். அதன் பின்னர் மேலும் இரண்டு பருவங்கள் கழிந்துவிட்டதால், முதல் உற்சாகம் தணிந்த நிலையில் அந்த அனுபவத்தை நிதானமாக எழுத முடிகிறது. ஸ்கார்பரோவில் வாழும் நம்மவர்களிடையே ராப்டர்ஸுக்கும் புளூ ஜேஸுக்கும் ரசிகர்கள் ஏராளம். கனேடிய ஃபுட்போல் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், அது அமெரிக்க ஃபுட்போல் லீக்கான என்எஃப்எல்லின் மலிவுப் பதிப்புத்தானே என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பருவத்தை முழுமையாகப் பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இது வேறு கணக்கில் ஆடப்படும் ஆட்டம். அந்தக் கணக்கின் மையம் பந்தை எறிவதில் இல்லை, உதைப்பதில் இருக்கிறது.

அமெரிக்க ஆட்டத்தில் 10 யார்ட் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு, இங்கே மூன்றுதான். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், உண்மையில் கையில் இருப்பவை இரண்டே. மைதானம் 110 யார்ட் நீளமும் 65 யார்ட் அகலமும் கொண்டது, அணிக்குப் பன்னிரண்டு பேர், பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே ரிசீவர்கள் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்கள்) முழு வேகத்தில் முன்னோக்கி ஓடி வரலாம் என்ற விதிகளெல்லாம் சேர்ந்து, பந்து ஓயாமல் கைமாறும் ஓர் ஆட்டத்தை உருவாக்குகின்றன. தொலைக்காட்சியில் இது ஒழுங்கற்ற ஆட்டம் போலத் தோன்றும். ஏனெனில் கமரா பந்தை மட்டுமே பின்தொடர்கிறது. பந்து வானில் இருக்கும்போது கீழே நடப்பதைக் காட்டுவதில்லை.

கீழே நடப்பதைக் காணத்தான் அரங்குக்குப் போக வேண்டும். பந்தை ஒப்படைக்கும் அந்த உதையான பன்ட் உதைக்கப்பட்டதும், எதிரணியில் தனியாகப் பின்னால் நிற்கும் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி பந்துக்காகக் காத்திருப்பார். அமெரிக்க விதிப்படி அவர் கையை உயர்த்திக் காட்டி, தன்னை எவரும் தொடாதபடி பந்தைப் பிடித்துக்கொள்ளலாம். கனடாவில் அந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஈடாக, அவர் பந்தைத் தொடும் வரை உதைத்த அணியினர் அவரைச் சுற்றி ஐந்து யார்ட் இடம் விட வேண்டும். நாற்பது, ஐம்பது யார்ட் தூரத்தைத் தலைதெறிக்க ஓடிக் கடந்துவந்த நான்கைந்து பேர், அந்தக் கண்ணுக்குத் தெரியாத வட்டத்தின் விளிம்பில் சட்டென்று கால்களை ஊன்றி, பாதங்கள் புல்லில் வழுக்க, கைகளை விரித்து நிற்பார்கள். பந்து அவருடைய கையில் விழும் சத்தம் கேட்கும்; மறுகணம் அத்தனை பேரும் பாய்வார்கள். அந்த அரை நொடியில் அவர் எடுக்கும் முடிவுதான் அடுத்த பத்து நிமிட ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பருவத்தில் அந்த அரை நொடியை ஆர்கோனட்ஸின் யாவோன் லீக் என்ற வீரர் அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் வேறெவரும் இல்லை. பன்ட்டைப் பிடித்து ஓடி நான்கு டச் டவுன்கள் (எதிரணியின் முனைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) எடுத்த அவருக்கு, உதைகள் சார்ந்த சிறப்புப் பிரிவு ஆட்டத்துக்கான கனேடிய ஃபுட்போல் லீக்கின் உயரிய விருதும் அந்த ஆண்டு கிடைத்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் சாட் கெல்லி அந்த லீக் போட்டியின் தலைசிறந்த வீரராகத் தெரிவானதும், ஏ.ஜே. உவெலெட் நீண்ட கூந்தல் பறக்க ஆட்களை இடித்துக்கொண்டு ஓடியதும் உண்மைதான். ஆனால் யாவோன் லீக் பின்னால் போய் நின்றவுடன், அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். மறுபுறம், ஆர்கோனட்ஸுக்காகப் பந்தை உதைத்தவர் ஜோன் ஹகெர்ட்டி என்ற அவுஸ்திரேலியர். ஏரிப்பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் பந்தைத் தாழ்வாகவும் நீளமாகவும் எல்லைக்கோட்டை ஒட்டியும் அனுப்பும் அவருடைய கைவண்ணத்தை, இல்லை, கால்வண்ணத்தை, நேரில் பார்த்தால்தான் மதிப்பிட முடியும்.

உதைத்த பந்து எதிரணியின் எண்ட் சோனுக்குள் (மைதான முனையிலுள்ள புள்ளி எடுக்கும் பகுதிக்குள்) போய் அங்கிருந்து வெளியே கொண்டுவரப்படாவிட்டால் ஒரு புள்ளி கிடைக்கும் என்ற ரூஜ் விதியைப் பலர் கேலி செய்கிறார்கள். கோல் உதையைத் தவறவிட்டதற்கும் பரிசா என்பது அவர்களுடைய கேள்வி. ஆட்டம் சமநிலையில் இருந்து கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு புள்ளிக்காக ஒருவர் உதைக்க, எண்ட் சோனுக்குள் நிற்பவர் அதைத் திருப்பி உதைத்து வெளியேற்றவும் விதி இடம்தருகிறது என்பதை அறிந்தவர்கள் இந்த விதியைக் கேலி செய்யமாட்டார்கள்.

அரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஸ்கார்பரோவிலிருந்து ரயிலில் எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். காரில் போவது வீண்செலவு. உதைபந்தாட்டத்துக்கென்றே (சொக்கர்) கட்டப்பட்ட இடம் என்பதால் எண்ட் சோன்கள் 20 யார்டுக்குப் பதிலாக 18 யார்ட்தான் உள்ளன. பக்கவாட்டில் மைதானத்துக்கு மிக அருகில் கிடைக்கும் ஆசனங்களுக்கு விலை அதிகம், பார்வை குறைவு: மாற்று வீரர்களின் முதுகுகளைத்தான் பெரும்பாலும் பார்க்க நேரும். எண்ட் சோனுக்குப் பின்னாலுள்ள உயரமான வரிசைகள் மலிவானவை. ரிசீவர்கள் ஓடும் கோடுகளும் பாதுகாப்பாளர்கள் விலகிச் சேரும் ஒழுங்கும் அங்கிருந்துதான் வரைபடம்போலத் தெரிகின்றன. இன்னொன்று: அவ்வாண்டு யூலை இறுதியில் சஸ்கச்சுவான் அணிக்கு எதிரான ஆட்டம், ஆர்கோனட்ஸின் சொந்த மைதான ஆட்டமாகக் கணக்கிடப்பட்டாலும், ஹலிஃபக்ஸில் நடந்தது. லீக்கில் அணி எதுவும் இல்லாத அட்லாண்டிக் மாகாணங்களுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோகும் முயற்சி அது. நோக்கம் நல்லதே, ஆனால் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஊரில் பார்க்கக்கூடிய ஆட்டம் ஒன்று குறைந்துவிடுகிறது.

அரங்கு நிறைந்த நாட்கள் குறைவு. 1873இல் தொடங்கப்பட்டு அந்த ஆண்டுடன் 150 ஆண்டுகளை எட்டிய, லீக்கின் வாகையர் கிண்ணமான கிரே கிண்ணத்தை முந்தைய ஆண்டில் வென்றிருந்த ஓர் அணிக்கு, அதுவும் 16 வெற்றிகளைப் பெற்று லீக்கின் சாதனையைச் சமன் செய்த பருவத்தில், மேலடுக்கில் இத்தனை வெற்று ஆசனங்கள் இருந்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதனால் ஏற்பட்ட நன்மையையும் சொல்ல வேண்டும்: வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம், பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்கள் ஓடியாட இடமிருக்கும், பக்கத்தில் இருக்கும் முதியவர் முப்பது ஆண்டுக் கதையை ஆறுதலாகச் சொல்லுவார். கல்லூரியில் ஃபுட்போல் ஆடாமலே ஆர்கோனட்ஸுக்கு வந்த குவான்டெஸ் ஸ்டிகர்ஸ் என்ற இளைஞரைக் கவனித்துப் பார் என்று எனக்குச் சொன்னவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். ஸ்டிகர்ஸ் அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவாகி, அடுத்த வசந்தத்தில் நியூயோர்க் ஜெட்ஸ் அணியால் என்எஃப்எல்லுக்குத் தேர்வு செய்யப்பட்டார்.

இனி, அந்தப் பருவத்தின் கசப்பான பகுதி. கிழக்குப் பிரிவில் முதலிடம் வெகு முன்னதாகவே உறுதியாகிவிட்டதால், கடைசி வாரங்களில் முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அதற்கு மேல், பிளே ஓஃப் (தோற்றால் வெளியேறும் சுற்றுகள்) முதற்சுற்றில் ஆடத் தேவையில்லாத சலுகையும் இருந்தது. நவம்பர் 11ஆம் திகதி கிழக்கு இறுதியாட்டத்துக்கு வந்தது மொன்றியல் அலுவெட்ஸ். அதே பருவத்தில் ஆர்கோனட்ஸ் மூன்று முறை வென்றிருந்த அணி அது. கெல்லி எறிந்த பந்துகளில் நான்கு எதிரணியின் கைக்குப் போயின; அவற்றில் ஒன்றைப் பிடித்த மார்க்-அந்துவான் டெக்குவா 101 யார்ட் ஓடி டச் டவுன் எடுத்தபோது, குளிரில் போர்த்திக்கொண்டு வந்திருந்த கூட்டம் வாயடைத்துப் போனது. முடிவு 38க்கு 17. ஆறு மாதங்களாகக் கட்டியெழுப்பப்பட்ட ஒன்று மூன்று மணித்தியாலத்தில் இல்லாமற்போனது. மொன்றியல் அடுத்த வாரம் ஹமில்டனில் வின்னிபெக்கை 28க்கு 24 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. கடைசி விநாடிகளில் டைசன் ஃபில்போட் பிடித்த அந்தப் பந்தைப் பார்க்கையில் பொறாமையைவிட மரியாதைதான் மிஞ்சியது.

ஒன்பதே அணிகள் உள்ள லீக்கில் ஆறு அணிகள் அடுத்த கட்டத்துக்குச் செல்கின்றன. 18 ஆட்டங்கள் ஆடிய பிறகு ஒரே ஆட்டத்தில் எல்லாம் தீர்மானிக்கப்படுவது நியாயமா என்று அப்போது கேட்டவர்களில் நானும் ஒருவன். மறுவருடம் விடை வேறு பக்கமிருந்து வந்தது. 2024இல் 10 வெற்றி, 8 தோல்வி என்று தட்டுத்தடுமாறிய அதே ஆர்கோனட்ஸ், மொன்றியலிலேயே கிழக்கு இறுதியாட்டத்தை வென்றது. அந்த ஆட்டத்தில் கெல்லியின் கால் முறிந்தும்கூட, மாற்று வீரரான நிக் ஆர்பக்கிளை வைத்துக்கொண்டு வான்கூவரில் வின்னிபெக்கை 41க்கு 24 என வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. இருந்தும், எந்தப் பருவத்துக்குக் கொடுத்த காசு செரித்தது என்று கேட்டால் நான் 2023ஐத்தான் சொல்லுவேன். கிண்ணம் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. யாவோன் லீக்கின் ஓட்டங்கள் ஒரு கோடைகாலம் முழுவதும் நீடித்தன.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் ஒரு விடயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 செப்ரெம்பரில் லீக் அறிவித்த மாற்றங்களின்படி, 2026 முதல் எண்ட் சோனைத் தாண்டி வெளியே போகும் உதைகளுக்கு ரூஜ் புள்ளி கிடையாது. 2027 முதல் மைதானம் 100 யார்டாகவும் எண்ட் சோன் 15 யார்டாகவும் சுருங்க, கோல் கம்பங்களும் பின்னெல்லைக்கு நகர்கின்றன. மூன்று வாய்ப்பும் ஐந்து யார்ட் வட்டமும் தொடரும் என்பதால் நான் டிக்கெட்டைக் கைவிடப் போவதில்லை. ஆனால் 110 யார்ட் மைதானத்தில் ஒரு பன்ட் திரும்பி வருவதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு 2026ஆம் ஆண்டுப் பருவம்தான் கடைசி வாய்ப்பு. எண்ட் சோனுக்குப் பின்னால், மேல் வரிசையில், தடித்த ஜக்கெட் ஒன்றுடன் இருங்கள்.