மிச்சிகனில் மான் வேட்டைக்கு 'ரகசிய இடம்' விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

மிச்சிகனில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. முதல் முறையாக லைசென்ஸ் எடுத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் பொது நிலத்தில் எங்கே போய் உட்காருவது என்று இப்போதே தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. போன சீசனுக்கு முன்னால் என்னிடம் 250 டாலர் வாங்கிக்கொண்ட ஓர் ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

ஹூரான்-மானிஸ்டி தேசிய வனத்தில் தானே நடந்து பார்த்த, யாரும் போகாத இடங்கள் என்று விளம்பரம் செய்திருந்தார். பணம் போனதும் போனுக்கு எட்டு லொகேஷன் வந்தது. அவ்வளவுதான். எந்தத் திசைக் காற்றுக்கு எங்கே உட்காருவது, மான் எங்கே படுக்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு வரி கிடையாது. கேட்டேன். "போய் உட்காருங்கள், வரும்" என்றார்.

பெரும்பாலான இடங்கள் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூப்பிடு தூரம். ஓரிடத்தில் ஏற்கெனவே வேறொருவரின் கூடாரம் நின்றது. இன்னொன்றில் ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்து சேர்ந்தார்கள். பேசிப் பார்த்தால் அவர்களும் அதே ஆளிடம் அதே லொகேஷனைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். துப்பாக்கி வேட்டையில் ஒரே புதருக்கு இரண்டு குழுக்களை அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று அந்த ஆள் யோசித்ததாகவே தெரியவில்லை. எனக்கு இன்றுவரை கோபம் தணியாதது இதில்தான்.

கடைசி லொகேஷன் தனியார் நிலத்துக்குள் இருந்தது. இந்த வனம் கிட்டத்தட்ட 10 லட்சம் ஏக்கர் என்றாலும் ஒரே துண்டு இல்லை, நடுநடுவே தனியார் நிலம் நிறைய உண்டு. மிச்சிகன் சட்டப்படி பண்ணை நிலத்திலும் அதை ஒட்டிய மரத்தோப்பிலும் அனுமதியில்லாமல் வேட்டைக்கு நுழைவது குற்றம், 'நுழையாதே' என்று பலகை இல்லாவிட்டாலும் சரி. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு 450 அடிக்குள் உரிமையாளர் அனுமதி இல்லாமல் துப்பாக்கியால் வேட்டையாடவும் கூடாது. மாட்டினால் வழக்கு நம் மேல்தான் வரும், லொகேஷன் விற்றவர் மேல் வராது. எல்லையைப் போனில் பார்த்துவிட்டு நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

சிலர் கூடவே வந்து இடம் காட்டுகிறோம் என்றும் காசு கேட்கிறார்கள். தேசிய வனத்தில் அப்படிச் சம்பாதிக்க வனத்துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் இந்தத் தகவலுக்குக் காசே தேவையில்லை. மாநில இயற்கை வளத் துறையின் மி-ஹன்ட் வரைபடம் இலவசம். பொது நிலம் எது, அதில் என்ன மரம் நிற்கிறது என்று அதிலேயே பார்க்கலாம். சில வருஷங்களுக்கு முன் வெட்டிவிட்டு இப்போது அடர்ந்து முளைத்திருக்கும் ஆஸ்பென் மரக் காட்டைத் தேடுங்கள். மானுக்கு அது தீனி, மறைவிடமும் கூட. பெரிய காடும் சதுப்பும் சந்திக்கும் ஓரங்கள், ஓக் கொட்டை உதிர்ந்து கிடக்கும் மேடுகள், இரண்டு சதுப்புகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் காய்ந்த தரை, இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு சீசனுக்கு முன்பே நடந்து பாருங்கள். புதுப் புழுக்கை, குளம்புத் தடம், கொம்பு உரசிப் பட்டை உரிந்த இளமரம், காலால் கீறிய மண் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. முதல் நாள் கூட்டம் இறங்கியதும் மான்கள் மறைவான சதுப்புப் பக்கம் ஒதுங்கிவிடும், அதனால் சாலையிலிருந்து அரை மைலாவது உள்ளே போக மனம் வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியின் வனவிலங்கு அதிகாரிக்கே போன் செய்து கேளுங்கள். எனக்கு நல்ல பதில் கிடைத்தது அப்படித்தான், பொறுமையாகப் பேசினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நண்பர்களுக்கு அனுப்புவதுபோல் ஆப் வழியாகப் பணம் போடச் சொல்லியிருந்ததால் வங்கியும் கைவிரித்துவிட்டது. இப்போது அவர் வேறொரு பெயரில், அதே மான் படத்தோடு, விலையை 300 டாலராக்கி விளம்பரம் செய்கிறார்.