ஆண்டைத் திரும்பிப் பார்க்க ஐந்தாண்டு டைரி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து "இந்த ஆண்டு எப்படிப் போனது?" என்று மனதைக் கேட்டால், அது பெரும்பாலும் அக்டோபருக்குப் பிந்தைய கதையையே சொல்லும். தீபாவளி, மழை, கடைசியாக வந்த காய்ச்சல், கடைசியாக நடந்த மனத்தாங்கல். பிப்ரவரியில் பட்ட பாடும் மே மாதத்தில் கிடைத்த நிம்மதியும் அதில் இருக்காது. அதனால் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதை நினைவை நம்பிச் செய்யக்கூடாது. எழுதி வைத்ததைப் படித்துத்தான் செய்ய வேண்டும். இதற்குப் பல வடிவங்களைப் பயன்படுத்திப் பார்த்ததில், கடைசிவரை கைகொடுப்பது ஐந்தாண்டு டைரிதான்.

ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி. அதே பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் ஐந்து பகுதிகள். ஜூன் 12-ஐத் திறந்தால், இன்றைக்கு எழுத வேண்டிய இடத்துக்கு மேலேயே சென்ற ஆண்டு ஜூன் 12 இருக்கும். எனவே திரும்பிப் பார்ப்பது தினமும் கொஞ்சம் தானாக நடந்துவிடுகிறது. அச்சிட்டு வருபவை விலை அதிகம். 400 பக்க கெட்டி அட்டை நோட்டில் நாமே செய்துகொள்ளலாம். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 பக்கங்கள் போக 34 மிஞ்சும். ஆண்டுக்கு ஐந்து பக்கம் வீதம் 25 பக்கங்களை ஆண்டு முடிவுக்கு ஒதுக்குங்கள். மீதி 9 பக்கங்கள் பெயர்ச் சுருக்கங்களுக்கும் பொருளடக்கத்துக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் தேதியை ஒரே அமர்வில் எழுதி முடித்துவிட வேண்டும். பாதியில் விட்டால் இடையில் ஒரு தேதி தவறி, பிறகு எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். கிழமையை மட்டும் முன்கூட்டி எழுதாதீர்கள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண்டையும் கிழமையையும் அன்றன்று எழுதினால் போதும்.

நோட்டு வாங்கும்போது முதுகுப் பக்கத்தை மேலிருந்து பாருங்கள். தாள்கள் மடித்து, கட்டுக் கட்டாக நூலால் தைத்திருக்க வேண்டும். வெறும் பசையில் ஒட்டியது தினமும் திறந்து மூடும் வேலைக்குத் தாங்காது; நடுப்பக்கங்கள்தான் முதலில் கழன்று வரும். தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். பக்கத்துக்கு 25 வரிக்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு ஐந்து வரி கிடைக்கும். பேனா விஷயத்தில் என் தேர்வு சாதாரண பால்பாயிண்ட். அதன் மை எண்ணெய் சார்ந்தது, ஈரம் பட்டாலும் கலையாது. ஊற்றுப் பேனாவின் நீல மை எழுதச் சுகமாக இருந்தாலும், மழைக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஒரு வாரமே கரைந்துவிடும். ஜெல் மையிலும் பல இப்படித்தான்.

கடைகளிலும் வங்கிகளிலும் புத்தாண்டுக்கு இலவசமாகத் தரும் டைரியிலும் செய்யலாம். ஆனால் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் பக்கம் இருக்காது, சனிக்கிழமையோடு ஒட்டிக் கால் பக்கம்தான். வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளுக்குத்தான் இடம் குறைகிறது என்பது பெரிய குறை.

என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நல்ல நாள். கொஞ்சம் அலைச்சல்" என்று எழுதினால் ஓராண்டு கழித்து அதிலிருந்து ஒன்றும் எழுந்து வராது. "அத்தைக்கு இடது கண்ணில் புரை அறுவை. பாதிப் பணம் தம்பி கொடுத்தான். மாலை கரண்ட் இல்லை, மொட்டை மாடியில் சாப்பாடு" என்று எழுதினால் அந்த நாள் முழுதும் திரும்பி வரும். பெயர், தொகை, இடம், யாராவது சொன்ன ஒரு வாக்கியம்: இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். உணர்ச்சியை எழுதக்கூடாது என்றில்லை. அது எதனால் வந்தது என்ற விவரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான். கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தச் சரக்கு என்ன விலை என்றெல்லாம் விவரத்தோடு எழுதினார்.

ஆண்டு முடிவுச் சடங்கை டிசம்பர் 31 இரவில் வைக்க வேண்டாம். அன்று ஆளும் சத்தமும் அதிகம், பன்னிரண்டு மணிக்குள் முடிக்கும் அவசரம் வேறு. டிசம்பர் 26-க்கும் போகிக்கும் நடுவே, மார்கழி விடியற்காலையில் மூன்று அமர்வுகளாகச் செய்வது நன்றாக அமைகிறது. போகிக்கு முன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பழைய மாத காலண்டரைத் தூக்கிப் போடுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். பால் வாங்காத நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, டாக்டரிடம் போன நாள் என்று டைரியில் விட்டுப்போனவை பல அதில் கிறுக்கலாக இருக்கும்.

முதல் அமர்வில் டைரியைத் திறக்கக் கூடாது. ஆண்டின் பத்து முக்கிய நிகழ்வுகளை நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம் என்று குறித்து மூடி வையுங்கள். அரை மணி நேரம் போதும்.

இரண்டாவதுதான் நீளமானது. ஜனவரி 1 முதல் வரிசையாக, பென்சிலோடு படிக்க வேண்டும். ஓரத்தில் ஓரெழுத்துக் குறி மட்டும்: ஆளுக்கு ஆ, பணத்துக்கு ப, உடம்புக்கு உ, வேலைக்கு வே, முடியாமல் நிற்பதற்கு ஒரு வட்டம். ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் நிறுத்தி, அந்த மாதத்தை மூன்று வரியில் எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 36 வரி, ஒதுக்கிய பக்கங்களில் இரண்டு கூட நிரம்பாது. ஐந்து வரி நாட்களாக இருந்தால் ஓராண்டைப் படித்துக் குறிக்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். இடையில் கைப்பேசியைத் தொட வேண்டாம். டைரி காலியாக இருக்கும் வாரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கடைசியில் போட்டோ கேலரியையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் பார்த்து நிரப்பலாம். போய்வந்த இடங்களைக் குறித்து வைக்கும் கூகுள் மேப்ஸ் டைம்லைனை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இப்போது கைப்பேசியிலேயே சேமிக்கப்படுகிறது. பேக்கப்பை ஆன் செய்யாமல் போனை மாற்றினால் பழைய பயணங்கள் போய்விடும்.

மூன்றாவது அமர்வில் முதல் நாள் எழுதிய பத்தை எடுத்து, படித்ததோடு ஒப்பிடுங்கள். சடங்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நினைவு விட்டது எது, பெரிதாக்கியது எது என்று தெரியும். மனம் "கொடுமையான ஆண்டு" என்று முத்திரை குத்திய ஆண்டில், உ என்ற குறி இரண்டு மாதங்களில் மட்டுமே இருக்கலாம். "ஒன்றுமே நடக்கவில்லை" என்று நினைத்த ஆண்டில் ஒரே ஆளின் பெயர் வாரந்தோறும் வந்திருக்கலாம், அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லியிருக்க மாட்டோம். இதை வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதினால் ஆண்டு முடிந்தது.

கெட்டுப்போகும் இடங்கள் சில. பலர் கைவிடுவதற்குக் காரணம் விட்டுப்போன நாட்களின் பாரம். நினைவை மட்டும் நம்பி இரண்டு நாளுக்கு மேல் பின்னோக்கி நிரப்பாதீர்கள். மூன்றாம் நாள் எழுதுவது பாதி கற்பனை. காலியிடமும் ஒரு தகவல்தான். பத்து நாள் வெற்றாக இருந்தால் அப்போது வேலையோ உடம்போ நம்மை விழுங்கியிருக்கிறது. ரசீதுகளை ஒட்டுபவர்கள், கடை மெஷினில் வரும் ரசீது வெப்பத்தாள் என்பதை மறக்க வேண்டாம். எழுத்து சில மாதங்களிலேயே வெளிறிவிடும். கடையையும் தொகையையும் பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயர்களை "ர.", "கு." என்று சுருக்கினால் மூன்றாம் ஆண்டில் யாரென்று தெரியாது, அதற்குத்தான் அந்த 9 பக்கங்கள்.

ஆப்பில் எழுதுவோருக்குத் தேடும் வசதி உண்டு, ஆனால் தமிழில் அது பாதிதான் உதவும். "வீடு" என்று தேடினால் "வீட்டில்" கிடைக்காது. அதனால் பதிவின் முதல் வரியில் மாறாத குறிச்சொல் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். எழுதியதைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுக்க முடியாத ஆப்பில் ஆண்டுக்கணக்கில் எழுதாதீர்கள்.

வீட்டில் சாவு விழுந்த ஆண்டு வேறு. 1986-இல் பென்னிபேக்கர், பீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் துயரங்களைப் பற்றி எழுத வைத்தார்கள். அப்படி எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது. பலன் தெரிந்தது பின்னால்தான். இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் படிப்பது அந்த ஆண்டுக்குப் பொருந்தாது. அந்த மாதங்களைத் தாண்டிப் படியுங்கள். சித்திரை ஒன்றுக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ தள்ளிவைத்தாலும் டைரி அங்கேயேதான் இருக்கும்.

வட்டம் போட்டவற்றைப் புத்தாண்டுத் தீர்மானமாக ஜனவரி 1 பக்கத்தில் குவிக்க வேண்டாம், பொங்கலோடு மறந்துபோகும். மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30 பக்கங்களில் புதிய ஆண்டுக்கான இடத்தில் பென்சிலால் ஒன்றிரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வரும்போது, முடிந்திருந்தால் அழித்துவிட்டு அன்றைய நாளை எழுதலாம். முடியவில்லை என்றால் பென்சில் வரியை அப்படியே விட்டு, காரணத்தைப் பேனாவால் பக்கத்தில் எழுதுங்கள்.