டச், ஓஸ்டேக், ஏஎஃப்எல் நைன்ஸ்: மிக்ஸ்டு டீம் போடணும்னா எதுல சேரலாம்?

சிட்னில வேலை முடிஞ்சு சாயங்காலம் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுற மாதிரி, யாரும் யாரையும் இடிச்சுத் தள்ளாத ஃபுட்பால் வேணும்னா மூணு வழி இருக்கு. டச்சும் ஓஸ்டேக்கும் பந்தை கையில எடுத்து ஓடுற ரக்பி லீக் குடும்பம், ஏஎஃப்எல் நைன்ஸ் பந்தை உதைச்சு கோல் போடுற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் பக்கம். எது ஈஸின்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நான் பாக்குறது வேற: டீம்ல இருக்குற பொண்ணுங்க கைக்கு நெஜமாவே பந்து வருதா, இல்ல எண்ணிக்கைக்கு ஓரமா நிக்க வெச்சிருக்காங்களா?

டச் 1968ல இங்க சவுத் சிட்னி பக்கம் ஜூனியர் ரக்பி லீக் ஆளுங்க தொடங்கினது. ஒரு பக்கம் 6 பேர், மிக்ஸ்டுல களத்துல ஆண்கள் 3 பேருக்கு மேல கூடாது. பந்து வெச்சிருக்கவங்களை தொட்டாலே போதும், தொட்ட இடத்துல பந்தை கீழ வெச்சு தாண்டணும், 6 டச் ஆச்சுன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும். கபடி பாத்து வளந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனா சட்டைல பட்டாலும் டச்தான், அதனால "பட்டுச்சு, படல"ன்னு வாக்குவாதம் வரும், நேர்மையா ஆடுறவங்க இருந்தாதான் மேட்ச் நல்லா போகும்.

50 மீட்டர் அகலத்தை 6 பேர் காக்கணும்ங்கறதால யாரையும் ஒளிச்சு வைக்க முடியாது, இதுதான் எனக்கு டச்ல ரொம்ப பிடிச்சது. ஒரே ஒரு விஷயம் உறுத்துது. கீழ வெச்ச பந்தை எடுத்து பாஸ் பண்றவங்க ஹாஃப், அவங்க பந்தோட தொடப்பட்டா பந்து போச்சு, அவங்க ஸ்கோரும் பண்ண முடியாது. பல டீம்ல இந்த வேலையை ஒரு பொண்ணுகிட்டயே நிரந்தரமா குடுத்துடறாங்க, மேட்ச் முழுக்க பந்து அவங்க கையில, டச்டவுன் (எதிர் டீம் கோட்டைத் தாண்டி பந்தை வெச்சு எடுக்கற ஸ்கோர்) மட்டும் மத்தவங்க பேர்ல! இது நியாயமே இல்ல.

ஓஸ்டேக் 1992ல சிட்னிக்குத் தெக்கால இருக்கற க்ரொனுல்லால பெரி ஹேடாக்கும் கிறிஸ் பார்க்ஸும் ஆரம்பிச்சது. இடுப்புல ரெண்டு பக்கமும் வெல்க்ரோ டேக், அதுல ஒண்ணை உருவினா டேக்கிள், அதாவது ஆளை மடக்கினதா கணக்கு. டேக் கையில இருக்குறப்ப யாரும் மறுத்துப் பேச முடியாது, அந்த வகையில டச்சை விட நிம்மதி, புதுசா வர்றவங்களுக்கும் பயம் சீக்கிரம் போயிடும். ஷார்ட்ஸ் மட்டும் அதுக்குன்னே வாங்கணும். ஆனா அதே அகலத்துல 8 பேர், ஆண்கள் 4 வரைக்கும், அந்த 4 பேரும் நடுவுல நின்னு தங்களுக்குள்ளயே பாஸ் பண்ணிக்கிட்டா விங்ல, அதாவது ஓரத்துல, நிக்கற பொண்ணுக்கு பந்தே வராது. கேப்டன் கவனிக்கலன்னா இது தானா நடக்கும்.

நைன்ஸ்ல இதை விதியே பாத்துக்குது. 9 பேர், களத்துல மூணு பகுதி, கோல் அடிக்கிற உரிமை ஃபார்வர்டுகளுக்கு மட்டும், ஆண் அடிச்சா 6 பாயிண்ட், பெண் அடிச்சா 9. அந்த 3 பாயிண்ட் வித்தியாசம் போதும், எந்த டீமும் பொண்ணை முன்னாடி நிறுத்தி அவங்களைத் தேடி பந்து அனுப்பும். கஷ்டம் என்னன்னா முட்டை வடிவ பந்தை ஓடிக்கிட்டே நேரா உதைக்கப் பழகணும், கிரிக்கெட் மட்டும் ஆடின ஆளுங்களுக்கு அது சில வாரம் ஆகும், அதுக்குள்ள பாதி பேர் சோர்ந்துடறாங்க. அதுவும் போக சிட்னி ரக்பி லீக் ஊரு, அதனால டச், ஓஸ்டேக் போட்டி கிடைக்கற அளவுக்கு இது பக்கத்துல கிடைக்காது. மெல்பர்ன்ல இருந்தா யோசிக்காம நைன்ஸ்தான் சொல்வேன்.

சிட்னில இருக்கறவங்களுக்கு என் ஓட்டு டச்சுக்கே. சேர்றதுக்கு முன்னாடி கேப்டன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, ஹாஃப்ல யாரு நிப்பாங்கன்னு. "எல்லாரும் மாத்தி மாத்தி"ன்னு பதில் வந்தா பணம் கட்டுங்க, ஒரு பொண்ணு பேரை மட்டும் சொன்னா வேற டீம் பாருங்க.