நூலை எடுப்பதா, மாற்று நூல் கொடுப்பதா?

காரைக்குடிப் பள்ளி ஒன்றின் வாசிப்புப் பட்டியலில் உள்ள நாவலுக்குப் பெற்றோர் எதிர்ப்பு வருகிறது என்று வையுங்கள். ஒன்று, நூலையே எடுத்துவிடலாம். இல்லையென்றால், எதிர்ப்பவரின் பிள்ளைக்கு மட்டும் வேறு நூல் கொடுக்கலாம்.

எடுத்துவிட்டால் தலைமையாசிரியருக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் நாலு பேர் போட்ட சத்தத்துக்கு வகுப்பே அந்த நூலை இழக்கிறது. அடுத்த வருடம் ஆசிரியரே பயந்துகொண்டு அப்படிப்பட்ட நூலைச் சேர்க்கமாட்டார். யாரும் உத்தரவு போடாமலே நடக்கும் இந்தத் தணிக்கைதான் எனக்குப் பெரிய கவலை.

மாற்று நூல் என்றால் ஆசிரியருக்கு இரட்டை வேலை, இரண்டு கேள்வித்தாள். சரி, அது தாங்கக்கூடியதுதான். என் ஓட்டு இதற்கே.

பட்டியலில் இல்லாத நூல் தடைசெய்யப்பட்ட நூல் ஆகிவிடாது, உண்மைதான்; நூலகத்தில் அது இருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1982 வழக்கிலும், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றக் கூடாது என்றது முதன்மைத் தீர்ப்புரை (நீதிபதிகளில் பெரும்பான்மையோர் முழுதாகச் சேராத தீர்ப்புரை). பாடத்திட்டத்தை அது தொடவில்லை. அப்புறம், நூல் சேகரிப்பாளரான நம் கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸைக்கூட ஒதுக்காமல் சேர்த்தவர். அவர் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. எனவே பட்டியலிலிருந்து எடுத்தே தீரவேண்டும் என்றாலும், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். நூலக அலமாரியில் மட்டும் கைவைக்காதீர்கள்.